நிரலுக்குள் மாற்றியும் ஏன் மாறவில்லை?

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்காக நான் ஜாவாவில் எழுதிய நிரல், உறுப்பினர்களின் பெயர்களைத் தமிழில் ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. வீட்டிலுள்ள லினக்ஸ் கணினியில் சரியாக வருகிறது. சங்கத்தின் விண்டோஸ் கணினியிலோ, ஜாவா 11-இல், எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடுகின்றன. நிரல் ஓடத் தொடங்கும் இடமான மெயின் செயற்கூறின் முதல் வரியிலேயே ‘ஃபைல்.என்கோடிங்’ என்ற பண்புக்கு, தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் குறிமுறையான ‘யுடிஎஃப்-8’ என்று மதிப்புக் கொடுத்தேன். திரும்பப் படித்தால் அந்த மதிப்பே வருகிறது. கோப்பு மட்டும் மாறவில்லை. என்ன காரணம்?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் மாற்றியது ஓர் அட்டவணையில் உள்ள ஒரு வரியை மட்டுமே; அந்த வரியைப் பார்த்து எடுக்கப்பட்ட முடிவு அதற்கு முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஜாவாவில் ‘சிஸ்டம் பிராப்பர்ட்டி’ எனப்படும் பண்புகள், பெயரும் மதிப்புமாக நினைவகத்தில் இருக்கும் ஓர் அட்டவணையே. ‘சிஸ்டம்.கெட்பிராப்பர்ட்டி’ அதைப் படிக்கிறது, ‘சிஸ்டம்.செட்பிராப்பர்ட்டி’ அதில் எழுதுகிறது. எழுதிய பிறகு யாருக்கும் செய்தி போவதில்லை. உங்கள் ஜாவா 11-இல், ஜாவா நிரல்களை இயக்கும் மென்பொருளான ஜேவிஎம் தொடங்கும்போதே ‘ஃபைல்.என்கோடிங்’ மதிப்பைப் படித்து, இயல்பான எழுத்துக் குறிமுறை (எழுத்துகளைக் கோப்பில் எண்களாக எழுதும் முறை) எது என்று முடிவு செய்து தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அதன் பிறகே உங்கள் மெயின் செயற்கூறின் முதல் வரிக்கு முறை வருகிறது. ஆகவே நீங்கள் எழுதிய மதிப்பு உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். கோப்பை எழுதும் வகுப்பு அதைக் கேட்கவே கேட்காது.

மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 குறிமுறையை நம் ஊர் விண்டோஸ் கணினிகள் பலவற்றில் ஜாவா இயல்பாக எடுத்துக்கொள்கிறது. அதில் தமிழுக்கு இடமே இல்லாததால், ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறி எழுதப்படுகிறது. ‘மு’ என்ற ஓர் எழுத்து, மகரமும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள் என்பதால், அதற்கு இரண்டு கேள்விக்குறிகள் வரும். இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும்: கேள்விக்குறியாக எழுதப்பட்ட பெயரை அந்தக் கோப்பிலிருந்து மீட்கவே முடியாது. மூலத் தரவை அழித்துவிடாதீர்கள். பாதிக்கப்பட்ட கோப்புகளை அதிலிருந்து மீண்டும் உருவாக்குங்கள்.

பண்பை மாற்றித்தான் தீர வேண்டும் என்றால், அதை ஜேவிஎம் தொடங்கும் கட்டளையிலேயே கொடுக்க வேண்டும்; கழித்தல் குறி, பெரிய ‘டி’, அதை ஒட்டி இடைவெளியின்றிப் பண்பின் பெயர், சமக்குறி, மதிப்பு என்பது அதன் வடிவம். ஆனால் நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது இதை அல்ல. யாரோ ஒருவர் கட்டளையில் ஒரு சொல்லை விட்டுவிட்டால் உறுப்பினர்களின் பெயர்கள் அழிந்துபோகும் என்ற நிலையில் ஒரு நிரல் இருக்கக் கூடாது. கோப்பைத் திறக்கும் இடத்திலேயே குறிமுறையைச் சொல்லிவிடுங்கள். ‘ஃபைல்ரைட்டர்’ வகுப்பு, கோப்பின் பெயரோடு குறிமுறையையும் ஏற்கும் வசதியை ஜாவா 11-இல்தான் பெற்றது. உங்களிடம் அதுவே இருக்கிறது.

2022 மார்ச்சில் வெளிவந்த ஜாவா 18 முதல், எந்த இயங்குதளத்திலும் யுடிஎஃப்-8தான் இயல்பான குறிமுறை. இயங்குதளத்தின் சொந்தக் குறிமுறையை அறிய, ஜாவா 17-இல் வந்த ‘நேட்டிவ்.என்கோடிங்’ பண்பைப் படிக்கலாம். திரையில் அச்சிடுவது மட்டும் வேறு கணக்கு. அதற்கு ஜாவா 19 முதல் ‘ஸ்டட்அவுட்.என்கோடிங்’ என்று தனிப் பண்பு உண்டு.

இதே குணத்தை வேறு பண்புகளிலும் காண்பீர்கள். நடப்பு அடைவைக் குறிக்கும் ‘யூசர்.டிர்’ பண்பை நிரலுக்குள் மாற்றினாலும், ஜாவா 11 முதல் ‘ஃபைல்’ வகுப்பு அதைப் பொருட்படுத்துவதில்லை. ‘யூசர்.டைம்சோன்’ பண்போ முதல் பயன்பாட்டின்போது படிக்கப்படுகிறது. அதற்கு முன் மாற்றினால் பலன் உண்டு, பதிவு எழுதும் நூலகம் ஏதேனும் முந்திக்கொண்டு நேரத்தைக் கேட்டுவிட்டால் பலன் இல்லை. ஜேவிஎம்முடன் வரும் பண்புகளைப் படியுங்கள், ஆனால் ஓடும்போது மாற்றாதீர்கள். நீங்களே பெயரிட்டு உருவாக்கும் பண்புகளைத் தாராளமாக மாற்றலாம். அவை அந்த ஜேவிஎம்மில் ஓடும் எல்லா இழைகளுக்கும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளுக்கும்) பொதுவானவை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு சோதனை மாற்றிவிட்டுப் போன மதிப்பால் அடுத்த சோதனை தோற்கும்.

கேள்வி: ஜாவா நிரலின் தொகுப்பான ஜார் கோப்பை இயக்கும்போது கட்டளையின் இறுதியில் பண்பைச் சேர்க்கிறேன். நிரலில் படித்தால் ‘நல்’, அதாவது மதிப்பே இல்லை என்று வருகிறது.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வரிசையே காரணம். ஜார் கோப்பின் பெயருக்குப் பின் வரும் எல்லாவற்றையும் ஜேவிஎம் உங்கள் மெயின் செயற்கூறின் உள்ளீடாகவே கருதும். பண்பை ‘-ஜார்’ என்பதற்கு முன் வையுங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் புள்ளியுள்ள பண்பின் பெயர் இரண்டாக உடையக்கூடும் என்பதால், முழுவதையும் மேற்கோள் குறிக்குள் இடுங்கள்.

படிக்கும்போது, பண்பு இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள வேண்டிய மதிப்பையும் இரண்டாவது உள்ளீடாகக் கொடுப்பது நல்ல பழக்கம். ‘பூலியன்.கெட்பூலியன்’ என்ற செயற்கூறு பலரை ஏமாற்றியிருக்கிறது: அது தான் பெறும் சரத்தை மெய் அல்லது பொய்யாக மாற்றுவதில்லை, அந்தச் சரத்தைப் பெயராகக் கொண்ட பண்பைத் தேடிப் படிக்கிறது. அப்படியொரு பண்பு இல்லையென்றால் ‘பொய்’ என்று சொல்லிவிட்டு அமைதியாக இருந்துவிடும். சரத்தை மாற்ற ‘பார்ஸ்பூலியன்’ இருக்கிறது.

கேள்வி: தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை இப்படிப் பண்பாகக் கொடுக்கலாமா?
— வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். லினக்ஸில் கட்டளை வரியை, இயல்பான அமைப்பில், அதே கணினியில் கணக்குள்ள எவரும் ‘பிஎஸ்’ கட்டளையால் படித்துவிடலாம். சூழல் மாறியை (இயங்குதளம் நிரலுக்குக் கொடுக்கும் பெயர்-மதிப்பை) அந்த நிரலை இயக்கும் பயனரும் கணினியின் நிர்வாகியான ரூட்டும் மட்டுமே படிக்க முடியும் என்பதால் அது சற்று மேல். ஜாவா அதை ‘சிஸ்டம்.கெட்என்வி’ வழியாகப் படிக்க மட்டுமே விடுகிறது, மாற்ற விடுவதில்லை. அனுமதி கட்டுப்படுத்தப்பட்ட தனிக் கோப்பு அதைவிடவும் நல்லது. கோப்பின் பாதையை மட்டும் பண்பாகக் கொடுங்கள். தொடங்கியதும் எல்லாப் பண்புகளையும் பதிவுக் கோப்பில் எழுதும் வழக்கம் உங்கள் நிரலுக்கு இருந்தால், இதுவரை எழுதப்பட்ட பதிவுக் கோப்புகளிலும் அந்தக் கடவுச்சொல் கிடக்கும். அவற்றைத் தேடிப் பாருங்கள். கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள்.