அம்மாவின் மருத்துவச் செலவும் தசமபாகமும்

சகோதரி, அம்மாவின் டயாலிசிஸுக்காக நகையை அடகு வைத்திருக்கும் நேரத்தில், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) தராவிட்டால் சாபம் வரும் என்று உங்கள் பாஸ்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வட்டி கட்டுவதா, பத்தில் ஒன்றை எடுத்து வைப்பதா என்று கேட்கிறீர்கள். என்னைக் கேட்டால், முதலில் அம்மா.

அவர் காட்டியது பைபிளில் தசமபாகம் தராதவர்களுக்குச் சாபம் என்று பேசும் மல்கியா 3-ஆம் அதிகாரமாகத்தான் இருக்கும். (எப்போதும் அதுதான்!) கூடவே உபாகமம் 14-ஐயும் வாசியுங்கள். அங்கே சொல்லப்படும் தசமபாகம் வயலின் விளைச்சலில் இருந்து எடுப்பது. கொடுக்கிறவரே அதைக் குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிடலாம். மூன்றாம் வருடத்துப் பங்கோ லேவியரோடு (நிலப் பங்கில்லாத ஆலய ஊழியர்கள்) பரதேசிக்கும் (வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்) திக்கற்றவருக்கும் விதவைக்கும் போகிறது. இன்றைய நிலையில் நீங்கள் அதைக் கொடுக்க வேண்டிய பக்கத்தில் இருக்கிறீர்களா, வாங்க வேண்டிய பக்கத்திலா?

மாற்கு 7 இன்னும் நேரடியானது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவிடும் வழக்கத்தைத்தான் இயேசு அங்கே கண்டிக்கிறார். 2 கொரிந்தியர் 9:7-இல் பவுலும் கட்டாயத்தின் பேரில் கொடுக்க வேண்டாம் என்றே எழுதுகிறார். மனசு கேட்கவில்லை என்றால் பத்து ரூபாய் போடுங்கள், போதும்.

பாஸ்டரிடம் சண்டை வேண்டாம். சபையில் மருத்துவ உதவி நிதி உண்டா என்று மட்டும் கேளுங்கள். அப்புறம், நீங்கள் தமிழ்நாடு என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் உண்டு. அட்டை இல்லாவிட்டால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.