கட்டிலில் செத்த ஒரே வசீர்

வணக்கம். பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய இல்கான் மன்னர்களின் வசீர்களில் (தலைமை அமைச்சர்களில்) தாஜுத்தீன் அலி ஷா ஒருவர்தான் இயல்பாக இறந்தவர், மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால், கொல்லப்பட்ட வசீர் ரஷீதுத்தீன் மாதிரி ஒரு மருத்துவர் நாடி பார்த்துப் பிழைத்திருக்கலாமே? ஏன் அந்தப் பதவிக்குப் போய்த் தலையைக் கொடுத்தார்? பேராசைதானே?
- ர.

அன்புள்ள ர.,

பேராசை இல்லவே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஊர் ஊராக நிலம் சேர்த்தார், மகன்களை அரசுப் பணியில் வைத்தார், தப்ரீஸ் ஓரத்தில் ரப்-எ-ரஷீதி என்று தன் பெயரிலேயே ஒரு குட்டி நகரம் கட்டினார். ஆனால் ஆபத்து தெரியாமல் போனவர் இல்லை. ஸஅதுத் தவ்லா என்ற யூத மருத்துவர் இதே மாதிரி வசீராகி, 1291-இல் மன்னர் அர்கூன் கான் சாகக் கிடந்தபோதே வெட்டுப்பட்டார். ரஷீதுத்தீனும் ஹமதானில் யூதக் குடும்பத்தில் பிறந்து, முப்பது வயதுவாக்கில் முஸ்லிம் ஆனவர். 1298-இல் மன்னர் கசான் கான் வசீர் பதவிக்கு அழைத்தபோது இதெல்லாம் அவர் மனதில் ஓடாமல் இருந்திருக்குமா?

நாடு இருந்த நிலையையும் பாருங்கள். ரஷீதுத்தீனே எழுதியிருக்கிறார்: 1292-இல் யஸ்து பக்கம் ஃபிரோசாபாத் என்ற பெரிய கிராமத்துக்கு ஒரு நிலக்கிழார் விளைச்சலில் தன் பங்கை வாங்கப் போகிறார். மூன்று நாளாகியும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் கண்ணில் படவில்லை, ஆனால் வரி வசூல் சீட்டோடு பதினேழு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வயல் காவல்காரன் ஒருவனையும் குடியானவர்கள் இரண்டு பேரையும் வெளிக்காட்டிலிருந்து பிடித்து வந்து, மற்றவர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் சொல் என்று கயிற்றில் தொங்கவிட்டு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நிலைமைக்குத்தான் கசான் காலத்தில் வரியை முன்கூட்டியே நிர்ணயித்து, பலகையிலோ கல்லிலோ எழுதி ஊரிலேயே வைக்க உத்தரவு போட்டார்கள். அது எவ்வளவு தூரம் நடந்தது என்பது வேறு கதை, ஏனென்றால் சீர்திருத்தத்தைப் புகழ்கிற வரலாற்றை எழுதியவரும் சாட்சாத் இந்த வசீர்தான்! (ஜாமிஉத் தவாரீக் என்ற அவருடைய உலக வரலாற்று நூலில் புத்தர் வரலாறு கூட உண்டு, காஷ்மீரத்துப் பிக்கு கமலஸ்ரீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது. அதைப் பற்றி அப்புறம் ஒருநாள்.)

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்னை உறுத்துவது அவர் உள்ளே போனது அல்ல, திரும்பிப் போனது. 1316 கடைசியில், கசானுக்குப் பின் ஆண்ட உல்ஜைத்து சுல்தான் இறந்தார். கூடவே வசீராக இருந்த அலி ஷாவின் கை ஓங்கி, 1317-இல் ரஷீதுத்தீன் பதவி இழந்தார். வயது எழுபது, உயிரோடு வெளியே வந்துவிட்டார், அந்த அரசவையில் அதுவே பெரிய பாக்கியம். ஆனால் தளபதி சோபான் மறுபடி வரச் சொல்லி வற்புறுத்தினார். கிழவர் தயங்கினார், கடைசியில் ஒப்புக்கொண்டார். விடுவார்களா? இறந்த சுல்தானுக்கு மருந்தில் விஷம் வைத்தார் என்று குற்றச்சாட்டு கிளம்பியது. பானம் கொடுக்கும் பொறுப்பில் இருந்த மகன் இப்ராஹீமுக்குப் பதினாறு வயது. 1318 ஜூலையில் முதலில் பையனை, அவர் கண் முன்னால். பிறகு அவரை. தலையை தப்ரீஸ் தெருக்களில் சுற்றிக் காட்டினார்கள், "யூதன்" என்று கூவியபடி. ரப்-எ-ரஷீதி கொள்ளை போனது.

இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்தே ஏற்பாடு செய்திருந்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 1309-இல் எழுதிய வக்ஃபு (அறக்கட்டளை) பத்திரத்தில், தன் நூல்களை வருஷா வருஷம் அரபியில் ஒன்று, பாரசீகத்தில் ஒன்று என்று நல்ல பாக்தாத் காகிதத்தில் படியெடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, வேறு வேறு ஊர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று விதித்திருக்கிறார். ஒரே இடத்தில் வைத்தால் ஒரே நாளில் போய்விடும் என்று அறிந்தவரின் கணக்கு அது. கட்டடங்கள் போயின, பத்திரம் இன்றும் தப்ரீஸில் இருக்கிறது.

அலி ஷா 1324-இல் படுக்கையில் செத்தார். மூன்று வருஷம் கழித்து வசீர் பதவிக்கு வந்தவர் யார் தெரியுமா? ரஷீதுத்தீனின் இன்னொரு மகன் கியாசுத்தீன். அப்பாவுக்கும் சகோதரனுக்கும் நடந்தது தெரிந்துதான் வந்தார். 1336-இல் அவரையும் கொன்றார்கள், ரப்-எ-ரஷீதி இரண்டாவது முறையும் கொள்ளை போனது.