புரட்டித் தள்ளிய பக்கங்களில்தான் விடை இருக்கிறது

கேள்வி: நீங்கள் பரிந்துரைத்தீர்கள் என்பதற்காக ‘அஸ்ட்ரா லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ என்ற ஜப்பானிய காமிக்ஸின் ஐந்து தொகுதிகளையும் வாங்கிப் படித்தேன். விண்வெளி மர்மம் என்று பெயர். பாதிக்குப் பாதி பள்ளிப் பிள்ளைகளின் அரட்டைதான். அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு மர்மத்தை மட்டும் தொடர்ந்தேன். முடிவோ எங்கிருந்தோ வந்து குதித்ததுபோல் இருந்தது. 5,012 ஒளி ஆண்டுகளைச் சில மாதங்களில் கடப்பதாகச் சொல்வதை அறிவியல் புனைகதை என்று எப்படி ஏற்பது? இதற்கு விருது வேறா?

பதில்: முடிவு எங்கிருந்தோ வந்து குதிக்கவில்லை. நீங்கள் புரட்டித் தள்ளிய பக்கங்களில்தான் அது தொடக்கத்திலிருந்தே இருந்தது. மற்ற வாசகர்களை எண்ணி அந்த முடிவை இங்கே உடைக்க மாட்டேன். ஆனால் உங்கள் குற்றச்சாட்டை அப்படியே விட்டுவிடவும் எனக்கு மனமில்லை.

கதை 2063ஆம் ஆண்டில் நடக்கிறது. கேர்ட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேரும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியும் மெக்பா என்ற கோளுக்கு முகாமுக்குப் போகிறார்கள். அங்கே ஒளிரும் கோளம் ஒன்று அவர்களை விழுங்கி, 5,012 ஒளி ஆண்டுகளுக்கு அப்பால் துப்பிவிடுகிறது. அநாதையாக மிதக்கும் ஒரு பழைய கப்பலில் ஏறிக்கொள்ளும் அவர்கள், உணவும் நீரும் தேடிக் கோள் கோளாக இறங்கி ஊர் திரும்ப முயல்கிறார்கள். இதற்கிடையே, கப்பலின் தகவல் தொடர்புக் கருவி தானாகப் பழுதாகவில்லை, தங்களுக்குள் ஒருவரே அதை வேண்டுமென்று உடைத்திருக்கிறார் என்பது தெரியவருகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். மூடிய கப்பல், ஒன்பது பேர், துப்பறிய வரும் காவல்துறையோ, தடயத்தைச் சோதிக்கும் ஆய்வகமோ கிடையாது. அப்படியானால் சாட்சியம் என்று எது மிஞ்சும்? அவர்கள் ஒருவரோடொருவர் பேசும் பேச்சு மட்டுமே மிஞ்சும். சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து வீட்டுக் கதை பேசும்போது, தாயைப் பற்றி ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொல்வதும், தந்தையின் பேச்சு வந்ததும் இன்னொருவன் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், பதின்பருவத்துச் சிணுங்கல் என்று நாம் சிரித்துக் கடந்துவிடும்படியே வரையப்பட்டிருக்கின்றன. இரண்டாம் முறை படித்தபோதுதான், அந்தச் சிரிப்பே ஒரு திரையாக விரிக்கப்பட்டிருந்தது எனக்கு உறைத்தது. ஆசிரியர் கென்டா ஷினோஹாரா இதற்கு முன், 2007 முதல் 2013 வரை, ஒரு பள்ளி நகைச்சுவைத் தொடரை வார இதழில் வரைந்தவர். வகுப்பறைக் கேலியை வாசகர் எவ்வளவு வேகமாகக் கடந்துபோவார் என்பது அவருக்கு அத்துப்படி.

பள்ளி வாழ்க்கை மர்மத்துக்கு மட்டும் உதவவில்லை. தொடக்க அத்தியாயத்தில் ஏரிஸ் என்ற பெண் கப்பலை எட்ட முடியாமல் வெற்றுவெளியில் விலகிப் போய்க்கொண்டிருக்கிறாள். கனாட்டா என்ற மாணவன் பாய்ந்து சென்று அவளைப் பிடித்துவிடுகிறான்; ஆனால் திரும்பும் வழியில் உந்துவிசை தீர்ந்து, இருவரும் கப்பலைத் தவறவிடப்போகும் நேரத்தில், மற்றவர்கள் கைகோத்து ஒரு சங்கிலியாக நீண்டு அவர்களை இழுத்துக்கொள்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றுதான் அறிமுகமானவர்கள், ஒருவர் பெயர் ஒருவருக்குச் சரியாகப் பதிந்திருக்காது. முன்பின் தெரியாத பிள்ளைகளை ஒரே குழுவில் போட்டு, ‘இனி நீங்களாயிற்று’ என்று விட்டுவிடுவது பள்ளிக்கூடம் மட்டுமே செய்யக்கூடியது. பயிற்சி பெற்ற விண்வெளி வீரர்களை அங்கே நிறுத்தியிருந்தால், அந்தச் சங்கிலி அவர்களுடைய கடமையாகத்தான் இருந்திருக்கும்.

ஒளி ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன். ஒளியே 5,012 ஆண்டுகள் ஓட வேண்டிய தொலைவு அது; நாமறிந்த இயற்பியலில் சில மாதங்களில் அதைக் கடக்க வழியில்லை. அந்த ஒரு சலுகையைக் கதை வெளிப்படையாகவே கேட்டு வாங்கிக்கொள்கிறது. வாங்கிய பிறகு பசிக்கும் தாகத்துக்கும் அது சலுகை கேட்பதில்லை. அடுத்த கோளை எட்டும்வரை கையிருப்பு தாங்குமா என்ற கணக்கை வைத்தே பாதை வகுக்கப்படுகிறது. தொலைவும் வெறும் அலங்காரம் அன்று. ஏறத்தாழ 60 ஒளி ஆண்டுகளைத் தாண்டினாலே நம் சூரியன் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. அந்தப் பிள்ளைகள் நின்ற இடத்திலிருந்து, ‘அதோ நம் வீடு’ என்று விரல் நீட்டிக் காட்ட ஒரு புள்ளிகூட வானில் இருந்திருக்காது.

விருதைக் கேட்டீர்கள். 2016இல் இணையத்தில் தொடங்கி, 49 அத்தியாயங்களோடு 2017இல் நிறைவுற்ற இத்தொடருக்கு 2019இல் ஜப்பானிய காமிக்ஸுக்கான மங்கா தைஷோ விருது கிடைத்தது. அதைத் தேர்ந்தெடுப்பவர்களில் புத்தகக் கடை ஊழியர்கள் முக்கியமானவர்கள். அன்றாடம் வாசகர் கையில் நூலை எடுத்துக் கொடுப்பவர்களின் மதிப்பீடு அது. வாசகர் கேட்கும் வரையில் கதையை இழுத்துக்கொண்டே போகலாம் என்ற வசதி இருந்தும், ஐந்து தொகுதிகளோடு ஷினோஹாரா முடித்தார் பாருங்கள், அதை நான் விருதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். எங்கே போய்ச் சேரவேண்டும் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்தவரால்தான் அப்படி நிறுத்த முடியும்.

முதல் தொகுதியை மறுபடி கையில் எடுங்கள். இம்முறை மர்மத்தை விட்டுவிட்டு, ஒன்பது பேரும் தத்தம் பெற்றோரைப் பற்றிச் சொல்வதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். தாள் நிறைந்ததும் எனக்கு எழுதுங்கள்.