காதால் எடுத்த பாட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நம் தமிழர் ஒருவர் ஹார்வர்டில் பேராசிரியராக இருப்பது பெருமை. ஆனால் அவர் ஏன் கர்நாடக இசை வாசிப்பதில்லை? என் மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. படிப்பை விட்டுவிட்டு கீபோர்டு வாசிக்கப் போகிறானாம். யாரிடமும் முறையாகக் கற்றவனும் இல்லை. விஜய் ஐயர் இயற்பியலை முடித்துவிட்டுத்தானே இசைக்கு வந்தார்? மகனுக்கு என்ன சொல்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்,

பெருமையை முதலில் முடித்துவிடலாம். அவர் 1971இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவிலிருந்து குடியேறிய தமிழர்கள். நம் பங்கு அவ்வளவுதான். அவர் இசை நிற்பது அமெரிக்கக் கறுப்பர்கள் உண்டாக்கிய ஜாஸ் மரபில். கர்நாடக இசையின் சாயல் வேண்டுமென்றால் கித்தார் பிரசன்னாவோடும் தபலா நிதின் மித்தாவோடும் 2011இல் வெளியிட்ட ‘தீர்த்தா’ இசைத்தட்டைக் கேளுங்கள். 2009இல் வந்த ‘ஹிஸ்டாரிசிட்டி’யில் எம்.ஐ.ஏ.வின் ‘கலாங்’ பாட்டையும் வாசித்திருக்கிறார். எம்.ஐ.ஏ. ஆங்கிலத்தில் ராப் பாடும் ஈழத்தமிழ்ப் பெண். அது உங்கள் கணக்கில் வராது, இல்லையா? மார்கழியில் சபாவில் கேட்டால்தான் நமக்குத் தமிழன் வாசித்தது.

இயற்பியலை அவர் ‘முடிக்க’வும் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார், சரி. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வுக்குச் சேர்ந்து பாதியில் விட்டார். அங்கேயே இசையை ஆராய்ந்து 1998இல் முனைவரானார். முதல் இசைத்தட்டு 1995இல் வந்தது. அமெரிக்காவில் பெரிய கௌரவமான மெக்கார்தர் நல்கை 2013இல். நடுவில் பதினெட்டு வருஷம். அந்தப் பதினெட்டு வருஷத்தைப் பற்றி எந்த அப்பாவும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. ‘யாரிடமும் முறையாகக் கற்றவனும் இல்லை’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி இரண்டு நாளாக என்னைக் குடைகிறது.

விஜய் ஐயர் மூன்று வயதிலிருந்து பதினைந்து வருஷம் முறையாகக் கற்றது வயலின். பியானோ பெரும்பாலும் அவராகவே, காதால் கேட்டுத் தடவித் தடவிப் பிடித்தது. பின்னால் அவர் ஆய்வேடு எழுதியதும் இதையொட்டித்தான். இசையை அறிவது மூளை மட்டுமல்ல, விரலும் மூச்சும் காலும் சேர்ந்துதான் அறிகின்றன என்று. தாளத்தில் ஒரு தட்டு இம்மியளவு பிந்தி விழுவதில் இருக்கிற சுகம் எந்த நொட்டேஷனிலும் ஏறாது.

எங்கள் வீட்டில் அக்காவுக்கு ஒரு ஆர்மோனியம் இருந்தது. வெள்ளிக்கிழமை பாட்டு வாத்தியார் வருவார். எனக்குப் பதினோரு வயது. அக்கா டியூஷன் போயிருக்கும் நேரத்தில், ரேடியோவில் கேட்ட ஒரு சினிமாப் பாட்டின் பல்லவியை நாலு நாள் முயன்று இரண்டே விரலில் எடுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் வாத்தியார் சீக்கிரமே வந்துவிட்டார். வாசல்படியிலேயே நின்றார். ரசிக்கிறார் என்று நினைத்து இன்னொரு தரம் வாசித்தேன். ‘சரளி வரிசை தெரியாதவன் பெட்டியைத் தொடக்கூடாது’ என்று துருத்தியை அவரே மூடினார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு பூட்டு வாங்கி வந்தார். அக்கா கல்யாணமாகிப் போன பிறகும் அந்தப் பூட்டு கிடந்தது. இன்றைக்கும் அந்தப் பல்லவி எங்காவது கேட்டால் என் வலது கை மடியில் தானாக நகரும். அதற்கு மேல் ஒரு வரிகூட எனக்கு வராது.

வாத்தியார்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குக் கற்பித்தது அப்படி. பூட்டு வாங்கிய அப்பாவைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் கேள்வியை மறந்துவிட்டேன், பாருங்கள். கல்லூரியா? இன்னும் இரண்டு வருஷம்தானே, முடிக்கச் சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் என்னிடம் வேறு யோசனை இல்லை. அதற்கு முன்னால், இன்று ராத்திரி போனை ஹாலில் வைத்துவிட்டு அவன் அறைக்குப் போங்கள். யாரும் சொல்லித்தராமல் அவன் முதன்முதலில் எடுத்த பாட்டு எது என்று கேளுங்கள். வாசிக்கச் சொல்லுங்கள். பாதியில் எழுந்து வராதீர்கள்.