மாணவர் குறும்படம்: கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எதற்குச் செலவிடுவது?

கேள்வி: படிக்கும்போதே மிகக் குறைந்த செலவில் குறும்படம் இயக்கியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? படப்பிடிப்பு எப்படி இருந்தது? இருக்கிற பணத்தைக் கேமராவுக்குப் போடுவதா, லைட்டுக்குப் போடுவதா?

நான் இறுதியாண்டில் ஒரு குறும்படம் இயக்கினேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் செலவு ஒலிப்பதிவுக்கு. அடுத்தது, நடிப்பவர்கள் கேமரா முன்னால் நிற்கும் நேரத்தைக் கூட்டித் தரும் எதற்கு வேண்டுமானாலும். கேமராவும் லைட்டும் அதற்குப் பிறகுதான்.

பணம் குறைந்தால் படம் பார்க்க அழகாக இருக்காது என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். ஆனால் முதலில் கரைவது நேரம். வாடகைக்கு எடுத்த சாமான்களைச் சொன்ன நேரத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டைத் தந்தவர் சாவி கேட்பார். நடிப்பவருக்கு மறுநாள் காலையில் அலுவலகம் இருக்கும். ஒளிப்பதிவாளரே ஃபோகஸும் பார்த்து லைட்டும் நகர்த்துவதால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் இரண்டு மடங்கு நேரம் போகும். அந்த நேரத்தை எங்கிருந்து மீட்கலாம் என்று யோசிப்பதுதான் இயக்குநராக என் வேலையில் பெரும்பகுதியாக இருந்தது. கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்குதான்.

கதை இது: வாடகை வீட்டைக் காலி செய்யும் ஒரு அப்பாவும் மகளும். சாமான்கள் வண்டியில் ஏறிப் போய்விட்டன. வீட்டுக்காரர் வந்து சாவி வாங்கும் வரை இருவரும் வெறும் வீட்டில் காத்திருக்கிறார்கள். நண்பனின் உறவினர் வீடு ஒன்று சில வாரங்களுக்குக் காலியாக இருந்ததால்தான் இந்தக் கதையே வந்தது. ஒரே இடம், இரண்டு பேர், ஒரு மாலை. வீட்டை அலங்கரிக்க வேண்டியதும் இல்லை. இருப்பதை வைத்துக் கதை செய்வதைச் சிலர் சமரசம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வீட்டின் எதிரொலிகூடக் கதைக்குள் வந்துவிட்டது. மழை, கூட்டம், கார் துரத்தல் என்று எழுதிவிட்டு ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வருவதை விட, முதலிலேயே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுத உட்காருவது எவ்வளவோ மேல்.

சரி, ஒத்திகைக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

கிறிஸ்டோஃபர் நோலனின் முதல் முழுநீளப் படம் 1998இல் வந்த 'ஃபாலோயிங்'. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நண்பர்களை வைத்து, ஏறக்குறைய ஒரு வருடம் வார இறுதிகளில் எடுத்தார்கள். ஃபிலிம் சுருளுக்குத்தான் காசு போகும் என்பதால் நாடகம் போலப் பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டு, ஒன்றிரண்டு டேக்கிலேயே முடித்திருக்கிறார்கள். இன்று நம்மிடம் மெமரி கார்டு இருக்கிறது, டேக்குக்குச் செலவில்லை என்று நினைப்போம். ஆனால் ஒவ்வொரு டேக்கும் சில நிமிடங்களைத் தின்னும். படப்பிடிப்பு நாளில் ஒரு நிமிடத்துக்காக எட்டுப் பேர் காத்திருப்பார்கள். ஒத்திகையில் மூன்று நான்கு பேர்தான், அவசரம் கிடையாது. யோசிக்க வேண்டியதை எல்லாம் அங்கேயே யோசித்துவிடலாம்.

எங்கள் ஒத்திகையை அந்த வீட்டிலேயே வைத்தோம். அப்பாவாக நடித்தவர் பகலில் அலுவலக வேலை, மாலையில் நாடகம் என்று இருப்பவர். மகளாக நடித்தவர் என் வகுப்புத் தோழி. முதலில் வசனத்தைப் பேசிக்காட்டச் சொல்லவே இல்லை. வெறும் வீட்டில் அரை மணி நேரம் இருவரும் சும்மா இருக்கட்டும் என்று விட்டேன். எங்கே உட்காருவார்கள், யார் முதலில் ஜன்னல் பக்கம் போவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலி இல்லாத வீட்டில் அப்பா உட்காரவே இல்லை. மகள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒருவர் நிற்க, ஒருவர் தரையில். நான் காகிதத்தில் வரைந்து வைத்திருந்த ஷாட்டுகளை விட இது எவ்வளவோ உண்மையாக இருந்தது. இருவரின் கண்மட்டமும் வேறு என்பதால் கேமரா உயரமும் அதிலேயே தீர்மானமாகிவிட்டது. அப்புறம் அந்தத் தோழி கேட்ட ஒரு கேள்வி: "இவ்வளவு நாள் இருந்த வீடு, இதைப் பற்றி அப்பாகிட்ட இவ ஏன் வாயைத் திறந்து பேசணும்? அவருக்குத் தெரியாததா?" அன்றைக்கே வசனத்தில் பாதி போனது. பத்துப் பக்கத் திரைக்கதை ஏழுக்கு வந்தது. திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஒரு நிமிடம் என்ற பொதுக் கணக்கு மௌனமான காட்சிகளுக்குப் பொருந்தாது என்பதால் படத்தின் நீளம் அப்படியேதான் இருந்தது. எடுக்க வேண்டிய ஷாட்டுகள்தான் குறைந்தன.

ஒலிப்பதிவு செய்த நண்பனையும் அந்த ஒத்திகைக்கே கூப்பிட்டிருந்தேன். மாணவர் படங்களில் இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தான். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, ஃபிரிட்ஜ் இரைகிறது, மதியத்துக்கு மேல் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்தான். மோட்டார் ஓடும் நேரத்துக்கு வசனமில்லாத ஷாட்டுகளை ஒதுக்கினோம். ஃபிரிட்ஜை அணைத்தால் திரும்பப் போட மறந்துவிடும் என்பதற்காக ஒலிப்பதிவுக்காரர்கள் செய்யும் பழைய உத்தி ஒன்று உண்டு: வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது. சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது அல்லவா?

குழாய் விஷயம்தான் படத்தையே மாற்றியது. நண்பன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பாவாக நடித்தவர் எழுந்து போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தார். இனி அந்த வீட்டில் இருக்கப்போகாத ஒருவர், பழக்கத்தில் போய்க் குழாயை மூடுகிறார். எதுவும் பேசாமல் மகள் அதைப் பார்க்கிறாள். நான் எழுதியிருந்த கடைசிக் காட்சியை விட்டுவிட்டு இதையே வைத்துக்கொண்டோம்.

கேமராவின் மேலிருக்கும் மைக்கை நம்பி வசனம் எடுக்காதீர்கள். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் நேரடிக் குரல் 6 டெசிபல் குறைகிறது. அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இரண்டு மீட்டரில் இருக்கும் கேமரா மைக்கை விட, ஃபிரேமுக்குச் சற்று மேலே அரை மீட்டரில் பிடித்த ஒரு சாதாரண பூம் மைக்குக்கு (நீண்ட கோலின் நுனியில் மாட்டிய மைக்) குரல் 12 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். எவ்வளவு விலை உயர்ந்த மைக்காக இருந்தாலும் தூரத்தில் வைத்தால் இதை ஈடுகட்ட முடியாது. வெறும் வீட்டில் சுவர் எல்லாம் குரலைத் திருப்பி அடிக்கும் என்பதால் கேமராவின் கண்ணுக்குப் படாத இடமெல்லாம் கனமான போர்வைகளைத் தொங்கவிட்டோம். ஒவ்வொரு அறையிலும் எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் வெறும் அறைச் சத்தத்தையும் பதிவு செய்துகொண்டோம். எடிட்டிங்கில் இரண்டு வசனங்களுக்கு நடுவே வெட்டிய இடம் தெரியாமல் நிரப்ப இதைப் போல உதவுவது வேறில்லை. மங்கலான படத்தைப் பார்வையாளர் மன்னித்துவிடுவார். புரியாத வசனத்தை மன்னிக்க மாட்டார்.

வெளிச்சத்துக்கு ஜன்னலையும் வெள்ளைத் தெர்மாகோல் பலகைகளையும்தான் நம்பினோம். இதில் தாழ்வாக நினைக்க ஒன்றுமில்லை. சத்யஜித் ராய் இயக்கி 1956இல் வந்த 'அபராஜிதோ'வுக்காக ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா, ஸ்டுடியோவுக்குள் போட்ட முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, லைட்டுகளை அதில் அடித்துத் திருப்பித்தான் வானத்திலிருந்து இறங்கும் மென்மையான வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். நேராக முகத்தில் விழும் லைட்டை விட எதிலாவது பட்டுத் திரும்பும் வெளிச்சம் தோலுக்கு அழகு. எங்களிடம் இருந்த ஒரே எல்ஈடி பேனலையும் சுவரில் அடித்துத்தான் பயன்படுத்தினோம். முகத்தின் ஒரு பக்கம் இருட்டாக வேண்டுமென்றால் லைட்டைக் கூட்டத் தேவையில்லை, அந்தப் பக்கத்தில் ஒரு கறுப்புத் துணியைக் கேமராவுக்குத் தெரியாமல் பிடித்தால் போதும். வீட்டு பல்புகளை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சம் சுமார் 5600 கெல்வின், மஞ்சள் பல்பு 3000ஐ ஒட்டி இருக்கும். இரண்டும் ஒரே முகத்தில் கலந்தால் பிறகு சரிசெய்யவே முடியாது. பல்பு எரிய வேண்டிய காட்சியில் ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை, மின்சாரத்தின் அலைவெண்ணுக்குப் பொருத்துங்கள்: 50 ஹெர்ட்ஸ் இடத்தில் 1/50 நொடி, 60 ஹெர்ட்ஸ் இடத்தில் 1/60 நொடி. இல்லையென்றால் திரையில் வெளிச்சம் துடிக்கும்.

ஜன்னலை நம்பினால் சூரியன்தான் உதவி இயக்குநர். அதனால் வைட் ஷாட்டுகளை முதலில் எடுத்தோம். அறை முழுக்கத் தெரியும் ஷாட்டில் வெளிச்சம் மாறினால் மறைக்க வழியில்லை. குளோசப்பில் பலகையை நகர்த்தி, பேனலைக் கூட்டி, மதிய வெளிச்சத்தை மாலையிலும் ஒப்பேற்றிவிடலாம். ஒரு பக்கம் பார்க்கும் ஷாட்டுகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் எதிர்ப்பக்கம் திரும்பினோம். நடிப்பவர்களுக்கு இது கஷ்டம், காட்சியின் முடிவை நடித்துவிட்டு நடுவுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். ஒத்திகை இருந்ததால்தான் அவர்களால் முடிந்தது. கேமராவை இடம் மாற்றி, லைட்டும் மைக்கும் சரிசெய்து, மறுபடி தயாராக எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது. பத்து மணி நேர வேலையில் சாப்பாடு, ஓய்வு போக அதிகபட்சம் பதினைந்து இடமாற்றம். ஷாட் லிஸ்டில் இருபத்தைந்து இருந்தால் பத்து நடக்காது என்று அப்போதே தெரிந்துவிடும். எந்தப் பத்து என்பதை முந்தைய இரவே ஒளிப்பதிவாளரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிடுவேன். சூரியன் இறங்கும் நேரத்தில், எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்து நிற்கும்போது அதைச் சரியாக முடிவு செய்ய யாராலும் முடியாது.

குழாய்க் காட்சியைக் கடைசி நாள் மாலைக்கு வைத்திருந்தோம். மற்ற எதைக் குறைத்தாலும் அதற்கான இரண்டு மணி நேரத்தைத் தொடக்கூடாது என்று குழுவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அன்று மேகம் மூடி வெளிச்சம் சீக்கிரமே குறைந்தது. இரண்டு ஷாட்டுகளைக் கைவிட்டோம், ஆனால் அந்த இரண்டு மணி நேரம் அப்படியே இருந்தது. முதல் இரண்டு டேக்கிலும் அவர் குழாயை மூடிவிட்டு உடனே திரும்பினார். நான் ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி போகலாம் என்றேன். அடுத்த டேக்கில் மூடிய பிறகும் கையை எடுக்காமல், இன்னொரு சொட்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். கட் சொல்லாமல் விட்டேன். மகளாக நடித்தவர் வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், கேமரா அவர் பக்கம் இல்லை என்று தெரிந்தும். அந்த முகத்தைத் தனியாக எடுக்க நேரம் இருந்தது, எடுத்தோம். படம் பார்த்த எல்லோரும் அந்த இரண்டு ஷாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவை எடுக்கப்பட்டது ஒரு சாதாரண மிரர்லெஸ் கேமராவில், அதோடு சேர்ந்தே வரும் கிட் லென்ஸில்.

எடிட்டிங் பற்றி ஒன்றுதான் சொல்வேன். எடுப்பதற்காகப் பட்ட கஷ்டத்தை மறந்துவிட்டு ஷாட்டைப் பார்க்க உங்களால் முடியாது. அதனால் படப்பிடிப்புக்கு வராத ஒருவரிடம் முதல் வெட்டைக் கொடுங்கள். எங்கள் எடிட்டர் அழகான தொடக்க ஷாட்டுகளைத் தயங்காமல் நீக்கிவிட்டார், படம் நேராக வெறும் வீட்டில் ஆரம்பித்தது. அதுதான் சரி.

சம்பளம் இல்லாமல் வேலை செய்பவர்களிடம் கத்தும் உரிமை இயக்குநருக்குக் கிடையாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு, சொன்ன நேரத்துக்கு வீடு, இரவு தாமதமானால் போக வண்டி. இதெல்லாம் பட்ஜெட்டின் முதல் சில வரிகளிலேயே இருக்க வேண்டும். களைத்துப்போன குழு மெதுவாக வேலை செய்யும், ஏணியிலிருந்து விழும், அடுத்த நாள் வராது.

ஆக, உங்கள் பணத்தை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன்: ஒரு பூம் மைக்கும் ரெக்கார்டரும் வாடகைக்கு, கூடவே அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவர். பிறகு சாப்பாடும் போக்குவரத்தும். பிறகு இரண்டு ஹார்ட் டிஸ்க், அன்றன்றைக்கு எடுத்ததை இரண்டிலும் ஏற்றி, இரண்டையும் வெவ்வேறு வீட்டில் வைக்க. ஏற்றி முடித்துச் சரிபார்க்கும் வரை கார்டை அழிக்க வேண்டாம். மிச்சம் இருந்தால் படப்பிடிப்பை ஒரு நாள் நீட்டுங்கள். அதற்கும் மேல் இருந்தால் ஒரு நல்ல லென்ஸ். வீடு கொடுப்பவரிடம் படப்பிடிப்பு நாட்களோடு ஒத்திகை நாட்களையும் சேர்த்துக் கேட்டு, தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.