பழைய யெஸ்டியை ஒரேயடியாகப் பிரிக்க வேண்டாம்

கேள்வி: கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் இருந்து தினமும் கோவைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பொள்ளாச்சியில் மாமா வீட்டில் பல வருஷமாக நின்ற 1984 மாடல் யெஸ்டி ரோடுகிங் பைக்கை எனக்கே கொடுத்துவிட்டார். கிக்கர் இறங்கவில்லை. ஞாயிறு மட்டும்தான் நேரம், அதிலும் பாதி பிள்ளைகளுக்கு. முழுசாகப் பிரித்து நானே சரிசெய்ய முடியுமா?

பதில்: நீங்களே செய்யலாம். முழுசாகப் பிரிப்பதுதான் வேண்டாம். பழைய வண்டி வேலை பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பணம் இல்லை. ஒரே ஞாயிற்றில் உற்சாகமாக எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள், பூட்ட ஞாயிறு கிடைக்காது. அப்புறம் எந்த போல்ட் எங்கே என்பது மறந்து, வண்டி சாக்கு மூட்டைக்குள் போய்விடும். ஒரு பகுதியை எடுத்தால் அதைப் பூட்டிவிட்டே அடுத்ததைத் தொடுங்கள்.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.சி.யை எடுங்கள். அதிலுள்ள என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். பொருந்தவில்லை என்றால் செலவழிக்காதீர்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்பதால் பெயர் மாற்றம், புதுப்பித்தல், கேரளத்துக்கு மாற்ற ஆட்சேபணையில்லாச் சான்று (என்.ஓ.சி.) என்று ஆர்.டி.ஓ. வேலை கொஞ்சம் இருக்கிறது. விண்டேஜ் பதிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2021 விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்குத்தான் அது, அதிலும் தினசரி ஓட்ட அனுமதி கிடையாது.

சரி, என்ஜின். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்திருக்கலாம். கிக்கர் மேல் ஏறிக் குதிக்காதீர்கள், உள்ளே பல்சக்கரம் உடைந்தால் என்ஜினையே திறக்க வேண்டிவரும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் டீசலும் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி சில நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். விடவில்லை என்றால் என்ஜின் மேல்மூடியான ஹெட்டையும் சிலிண்டரையும் மட்டும் கழற்றினால் போதும். சிலிண்டரின் உட்புறத்தைக் கடையும் போர் வேலையைக் கோவை லேத் பட்டறையில் விடுங்கள்.

என்ஜின் சுற்றியதும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். யெஸ்டி மாதிரி பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் என்ஜினில் அங்கேதான் ஆபத்து. பல வருஷம் நின்ற வண்டியில் கிராங்க் தண்டின் இரு பக்கமும் கசிவைத் தடுக்கும் ஆயில் சீல் ரப்பர் இறுகிப்போயிருக்கும். கிளட்ச் பக்கம் கசிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாகத் தள்ளும், அது கண்ணுக்காவது தெரியும். மறுபக்கம் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் அந்த அளவுக்குக் குறைந்து, சூடேறி, வேகத்தில் போகும்போது பிஸ்டன் பிடித்துப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு சீலையும் மாற்றிவிட்டே சாலைக்கு எடுங்கள். இதை மட்டும் ஜாவா, யெஸ்டி பழகிய மெக்கானிக்கிடம் கொடுப்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

பெட்ரோல் குழாயையும் மாற்றுங்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஒரு மாதம் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

நேரத்துக்கு வருவோம். கார்புரேட்டர், பொறி வரவைக்கும் பாயின்ட், கேபிள் எல்லாம் பிள்ளைகள் தூங்கிய பிறகு அரைமணி நேரத்தில் ஆகிற வேலை. கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலைக்கும் தனி டப்பா வையுங்கள். இரண்டு பேர் தேவைப்படும் வேலைக்கு மட்டும் ஞாயிறு காலை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பிள்ளைகள் இருக்கும்போது உரசவே உரசாதீர்கள்.

பெயிண்ட் கடைசியில், வண்டி சில மாதம் ஓடிய பிறகு. கர்க்கடக (ஆடி மாத) மழையில் அடித்தால் ஈரத்தில் வெளுத்துப்போகும். டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியைக் கொண்டுவந்து அப்பிவிடும். மாசி, பங்குனியில் அடிப்பதே நம் பக்கத்துக்குத் தோது.