எந்த வீட்டுக்கு எந்தச் சமையல் நூல்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருமணமாகி வெளியூரில் தனிக்குடித்தனம் தொடங்கியிருக்கும் என் மகளுக்கு அன்றாடச் சமையலுக்கான தமிழ் நூல் ஒன்றை வாங்கித் தர விரும்புகிறேன். என் தாயார் காலத்து ‘சமைத்துப் பார்’ இன்றைக்கும் பயன்படுமா? அந்தக் காலத்துக் குறிப்புகளில் வரும் பலம், வீசை, ஆழாக்கு ஆகியவற்றை எப்படிப் புரிந்துகொள்வது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாக வாங்கிக் கொடுங்கள். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட அந்த நூல், கண்ணளவாகவும் கையளவாகவும் வாய்மொழியில் வந்துகொண்டிருந்த சமையலை, அளவோடும் செய்முறை வரிசையோடும் எழுத்தில் கொண்டுவந்தது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பெண்ணுக்கு அதுவே பெரிய துணை. பழைய அளவுகளைப் பொறுத்தவரை, ஒரு பலம் சுமார் 35 கிராம். 40 பலம் கொண்டது ஒரு வீசை, அதாவது ஏறத்தாழ 1.4 கிலோ. ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 168 மில்லி லிட்டர்.

ஒன்றை மட்டும் மகளிடம் சொல்லி அனுப்புங்கள். பெரிய குடும்பத்துக்கான குறிப்பை இரண்டு பேருக்குக் குறைக்கும்போது பருப்பையும் புளியையும் பாதியாக்கலாம். தண்ணீரை அப்படியே பாதியாக்கக் கூடாது. ஆவியாகிப் போகும் நீர், பாத்திரத்தின் வாயகலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது என்பதால், குறைந்த அளவில் வைக்கும் சாம்பார் எளிதில் இறுகிப்போய் உப்புக் கரிக்கும். முதலில் உப்பைக் குறைத்துப் போட்டுவிட்டு, இறக்கும் முன் ருசி பார்த்துச் சேர்ப்பது நல்லது. அது சைவச் சமையல் நூல். மீனும் இறைச்சியும் சமைக்கும் வீடென்றால் இன்னொரு நூலும் தேவைப்படும்.

கேள்வி: சாலட் பற்றிய ஆங்கில நூல் ஒன்று வாங்கினேன். கேல் கீரை, ஆலிவ் எண்ணெய், விதவிதமான பாலாடைக்கட்டி என்று எங்கள் காய்கறிச் சந்தையில் கிடைக்காத பொருள்களே நிறைந்திருக்கின்றன. இதை வைத்து என்ன செய்வது?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: நூலை ஒதுக்கிவிடாதீர்கள். பொருள்களின் பட்டியலை விட்டுவிட்டு, எதனோடு எது, எதற்காகச் சேர்கிறது என்று பாருங்கள். பச்சைக் காய், அதற்கொரு புளிப்பு, சிறிது எண்ணெய், உப்பு, கடித்துச் சாப்பிட மொறுமொறுவென்று ஏதாவது ஒன்று – பெரும்பாலான சாலட்டுகள் இவ்வளவுதான். வினிகரின் வேலையை எலுமிச்சையும், ஆலிவ் எண்ணெயின் வேலையை நல்லெண்ணெயும், வாதுமையின் வேலையை வறுத்த வேர்க்கடலையும் செய்துவிடும்.

இராமநவமியன்று பானகத்தோடும் நீர்மோரோடும் படைக்கிறோமே கோசுமல்லி, அதிலேயே இவை அனைத்தும் அமைந்திருக்கின்றன. பாசிப்பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்து நன்றாக வடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காயும் கேரட் துருவலும் தேங்காய்த் துருவலும் பச்சை மிளகாயும் சேர்த்து, கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டி, எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. உப்பை மட்டும் இலையில் பரிமாறும் நேரத்தில் சேருங்கள். முன்னதாகப் போட்டால் அது வெள்ளரியின் நீரை வெளியே இழுத்து, காயைத் துவளச் செய்துவிடும். தாளிக்கும் எண்ணெயைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஏனெனில் கேரட்டில் உள்ள கரோட்டின் உடலில் சேர்வதற்குக் கொஞ்சம் கொழுப்பு தேவை. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவுகிறது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது அதற்குத் தடையாகும்.

சாலட் சாப்பிட்டால்தான் காய்கறி சாப்பிட்டதாகக் கணக்கு என்றும் எண்ண வேண்டாம். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 400 கிராம் காய்கறியையும் 100 கிராம் பழத்தையும் பரிந்துரைக்கிறது. பொரியலும் கூட்டும் கீரை மசியலும் அந்த 400 கிராமில் அடங்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாமனாருக்குச் சர்க்கரை நோயோடு சிறுநீரகக் கோளாறும் இருக்கிறது, மருமகள் கருவுற்றிருக்கிறாள். எல்லோருக்கும் பொருந்தும் ஆரோக்கியச் சமையல் நூல் ஒன்றைச் சொல்லுங்கள்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அப்படி ஒரு நூல் இருக்க முடியாது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். பொதுவாக நல்லதென்று நூல்கள் புகழும் கீரை, தக்காளி, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது இரத்தத்தில் தேங்கி இதயத்தையே பாதிக்கலாம். அதைவிட அதிகம் அஞ்ச வேண்டியது ‘சோடியம் குறைந்த உப்பு’. பல நூல்களில் பரிந்துரைக்கப்படும் அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதை உங்கள் வீட்டு அடுக்களைக்குள் கொண்டுவராதீர்கள். அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து உணவியல் வல்லுநர் எழுதித் தரும் ஒரு பக்கம், எந்த நூலையும்விட மேலானது. பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டுமென்று அவர் சொன்னால், காயைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள்.

மருமகளுக்கு முளைகட்டிய பயற்றைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். முளைக்க வைக்கும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளும் பெருக ஏற்றவை. நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.

கேள்வி: ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கலாம் என்று சொல்லும் நூல்களை நம்பலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். கடையில் நூலைப் புரட்டும்போது, ‘இன்னார் இதைப் பின்பற்றக் கூடாது’ என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். அதைக்கூடச் சொல்லாத நூலைத் திருப்பி அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.